நாட்டு வெள்ளரிப்பழ விதை: பொட்டலத்துக்குள் இருப்பது எது?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

கோடை தொடங்கினால் எல்லா நாளிதழ்களிலும் வெள்ளரிப்பழத்துக்கு ஒரு மூலை கிடைத்துவிடுகிறது. சாலையோரம் ஓலை சுற்றி அடுக்கிய பழங்கள் படத்தில் இருக்கும். அதன் கீழே வெள்ளரிக்காயின் மருத்துவக் குணங்கள் அச்சாகியிருக்கும். பழுத்த வெள்ளரிக்காய்தான் வெள்ளரிப்பழம் என்ற நினைப்பு. இரண்டும் வேறு வேறு இனங்கள். உப்பும் மிளகாய்த்தூளும் தொட்டுத் தின்னும் வெள்ளரிக்காய்க்கு 14 குரோமோசோம்கள். வெடித்து மாவாய் உதிர்ந்து, வெல்லம் போட்டுப் பிசைந்து தின்னும் வெள்ளரிப்பழத்துக்கு 24. அது முலாம்பழத்தின் இனம். மிருத்யுஞ்சய மந்திரத்தில் கொடியின் கட்டிலிருந்து தானே கழலும் பழம் என்று வருவதற்கு வெள்ளரிப்பழம் என்று உரை சொல்வார்கள். அதுதான் பொருத்தம் என்று எங்களுக்குப் படுகிறது. வெள்ளரிக்காய் எவ்வளவு பழுத்தாலும் காம்பை அவ்வளவு எளிதில் விடாது.

பெயர்க் குழப்பம்தானே, போகட்டும் என்று விடலாம். ஆனால் அந்தக் குழப்பம் இப்போது விதைப் பொட்டலத்துக்குள்ளும் புகுந்துவிட்டது. விதைத் திருவிழாக்களில் 'நாட்டு வெள்ளரி' என்று மட்டும் எழுதிய பொட்டலங்கள் கை மாறுகின்றன. அதில் இருப்பது வெள்ளரிக்காயா, வெள்ளரிப்பழமா என்றுகூடத் தெரியாது. பழம்தான் என்றாலும் அது எந்த ஊர்ப் பழம், எத்தனை கொடியிலிருந்து எடுத்தது, பக்கத்து வயலில் என்ன இருந்தது என்பதற்குப் பதில் கிடையாது. நெல் விதையை அப்படிக் கொடுத்து வாங்கலாம்; நெல் பெரும்பாலும் தன் பூவுக்குள்ளேயே சூல் பிடித்துவிடும். வெள்ளரிப்பழம் தேனீயை நம்பிக் காய்க்கும் கொடி. தேனீ வரப்பு பார்ப்பதில்லை.

இந்த இனம் எவ்வளவு பெரிய குடும்பம் என்று முதலில் சொல்ல வேண்டும். கடையில் கிர்ணி என்று விற்கும் வலைத்தோல் முலாம்பழம், கரிசல் காட்டில் தானாய்ப் படரும் மிதுக்கங்காய், கன்னியாகுமரியிலும் கேரளத்திலும் சித்திரை விஷுவுக்குக் கணி வைக்கும் மஞ்சள் வெள்ளரி, ஆந்திரத்துத் தோசக்காய், கொடுங்கல்லூரில் புவிசார் குறியீடு பெற்ற பொட்டு வெள்ளரி, ராஜஸ்தானில் உலர்த்திப் பொடித்துப் புளிப்புக்குச் சேர்க்கும் கச்ரி, பாம்பு போல ஒரு மீட்டர்வரை நீளும் வட இந்தியக் ககடி, இலங்கையில் கறி சமைக்கும் கெக்கரி எல்லாம் ஒரே இனம். ஒன்றோடொன்று தடையில்லாமல் கலக்கும். கலந்து பிறந்ததும் வளமாகவே காய்க்கும். 2019 இல் 1,175 வகைகளின் மரபணுத் தொடர்களை ஒப்பிட்ட ஆய்வு, இந்த இனம் மூன்று முறை தனித்தனியாகப் பயிராக்கப்பட்டது என்றும், அதில் இரண்டு முறை இந்தியாவில், ஒரு முறை ஆப்பிரிக்காவில் என்றும் சொன்னது.

வேறுபாடு வெறும் நிறத்திலும் வடிவிலும் மட்டும் இல்லை. நம் வெள்ளரிப்பழம் முதிர்ந்தால் சில மணி நேரத்தில் வெடித்துவிடும். அதனால்தான் ஓலையில் இறுக்கிக் கட்டுகிறார்கள். கணி வெள்ளரியையும் மங்களூர் சவுத்தேக்காயையும் வாழை நாரில் கட்டி உத்தரத்தில் தொங்கவிட்டால் பல மாதம் கெடாமல் இருக்கும். ஒரே இனத்துக்குள் இந்த இரண்டு குணமும் இருக்கின்றன. இனிப்பும் அப்படித்தான். நல்ல கிர்ணிச் சாற்றில் இனிப்பின் அளவு 10 பிரிக்ஸுக்கு மேல் இருக்கும். வெள்ளரிப்பழத்தில் பெரும்பாலும் அதில் பாதிகூட இருக்காது. வெல்லம் தேவைப்படுவது அதனால். லாரியில் போகாது, இனிக்காது என்று சந்தை இதை ஒதுக்கியது. அப்படி ஒதுக்கியதில் உலகம் தேடி வந்து வாங்கிப் போன குணங்களும் சேர்ந்தே ஒதுங்கின.

தேடி வந்த கதை ஊர் அறிந்ததில்லை. 1925 இல் கலிபோர்னியாவின் இம்பீரியல் பள்ளத்தாக்கில் முலாம்பழத் தோட்டங்களைச் சாம்பல் நோய் தாக்கியது. அங்கிருந்த வகைகளில் தாங்கும் சக்தி இல்லை. இந்தியாவிலிருந்து போன ஒரு முலாம் விதையில் அது கிடைத்தது. சந்தைக்குப் பயன்படாத பழம்தான், ஆனால் இலையில் வெண்பொடி பிடிக்கவில்லை. அதை அங்குள்ள ஆய்வாளர்கள் தங்கள் பழத்தோடு கலந்து, பிறந்ததைத் திரும்பத் திரும்பத் தங்கள் பழத்தோடே சேர்த்துப் பின்கலப்பு செய்து, 1936 இல் பி.எம்.ஆர். 45 என்ற வகையை வெளியிட்டார்கள். இரண்டே ஆண்டில் சாம்பல் நோயின் இன்னொரு இனம் தோன்றி அதையும் மீறியது. மறுபடியும் இந்திய விதைகளுக்குத்தான் போனார்கள். கல்கத்தாவிலிருந்து போய் அங்கே பி.ஐ. 124111, 124112 என்று எண்ணிட்டுப் பதிந்தவை இன்றும் சாம்பல் நோய்க்கும் அடிச்சாம்பல் நோய்க்கும் எதிர்ப்பு தரும் மூலங்களாகப் பயன்படுகின்றன. பி.ஐ. 414723 என்பது நம் வெள்ளரிப்பழத்தைப் போல வெடிக்கும் வகை. அதில் அசுவினி எதிர்ப்பு இருக்கிறது. 2012 இல் ஸ்பெயினில், வெள்ளை ஈ பரப்பும் தக்காளி இலைச்சுருட்டை புதுதில்லி வைரஸ் பூசணிக் குடும்பப் பயிர்களில் பரவியபோது அவர்கள் சலித்துப் பார்த்த விதைகளில் எதிர்ப்பு காட்டியவையும் இந்தியாவின் வெடிக்கும் வகைகளும் காட்டு மிதுக்கு வகைகளும்தான்.

இந்தப் பின்னணியில் பார்த்தால், வரப்போரத்து மிதுக்கங்காயைக் களை என்று சொல்வதற்கு முன் யோசிக்க வேண்டியிருக்கிறது. மழைக்கு முளைத்து, கம்புக்கும் பருத்திக்கும் நடுவில் படர்ந்து, ஆளில்லாமல் காய்த்து, வத்தலாகித் தெற்கத்திச் சமையலுக்குப் போகும் காய். களைக்கொல்லி அடிக்கும் நிலத்தில் அது நிற்பதில்லை. இதன் பெயரும் வட்டாரத்துக்கு வட்டாரம் மாறும்: மிதுக்கு, சுக்கங்காய், தும்மட்டி. கடைசிப் பெயரில் கவனம் தேவை. பேதி உண்டாக்கும் ஆற்றுத்தும்மட்டி வேறு இனம், தர்பூசணிக்குச் சொந்தம். பெயரை மட்டும் கேட்டு விதை வாங்கினால் ஆபத்து இப்படியும் வரும்.

இனி விதை எடுப்பதற்கு வருவோம். தவறு பெரும்பாலும் கணக்கிலிருந்து தொடங்குகிறது. இரண்டு மீட்டருக்கு ஒரு மீட்டர் இடைவெளியில் குழி எடுத்தால் கால் ஏக்கருக்கு ஏறக்குறைய 500 குழி. குழிக்கு இரண்டு விதை என்றால் 1,000 விதை. ஒரு பழத்தில் 300, 400 விதை இருக்கும். ஆக, மூன்று பழம் போதும். மூன்று பழம் போதும் என்பதாலேயே மூன்று பழத்தோடு நிறுத்திவிடுகிறார்கள், அதுவும் இருப்பதில் பெரிய மூன்று பழங்கள்.

அடுத்த ஆண்டு விளைச்சலுக்கு அது போதும். வகைக்குப் போதாது. ஒரு ஊர்க் கொடிகளில் 100 மரபுக்கூறுகளுக்கு 5 என்ற அளவில் அரிதாக ஒரு குணம் இருக்கிறது என்று வையுங்கள். நோய் எதிர்ப்பு பெரும்பாலும் அப்படித்தான் ஒளிந்திருக்கும். ஒரு கொடிக்கு ஒவ்வொரு மரபுக்கூறும் இரண்டு பிரதி. மூன்று கொடியை மட்டும் எடுத்தால் அந்தக் குணம் முற்றிலும் தவறிப்போகும் வாய்ப்பு 100க்கு 73. முப்பது கொடியிலிருந்து எடுத்தால் அது 5க்கும் கீழே இறங்கிவிடும். தேனீ கொண்டுவரும் மகரந்தத்தையும் சேர்த்தால் முதல் எண் கொஞ்சம் குறையும், கதை மாறாது. எனவே முப்பது கொடி, கொடிக்கு ஒரு பழம், பழத்துக்கு 40 விதை. எல்லாக் கொடிக்கும் ஒரே எண்ணிக்கை என்பது முக்கியம். காய்ப்பு அதிகமான இரண்டு கொடிகளின் விதையே பாதிப் பொட்டலத்தை நிரப்பிவிட்டால் முப்பது கொடி என்பது பேச்சுக்குத்தான். பெரிய பழத்தை மட்டும் பொறுக்கவும் வேண்டாம். நோயில்லாத கொடி, அந்த வகைக்குரிய தோல், அதற்குரிய வெடிப்பு, இவை சரியாக இருந்தால் சின்னப் பழமும் விதைக்கு ஆகும். இலை திட்டுத்திட்டாக வெளிறித் தேமல் விழுந்த கொடியை மட்டும் விட்டுவிடுங்கள்.

அடுத்தது கலப்பு. இங்கே ஒரு பழைய நம்பிக்கையைத் திருத்த வேண்டும். பக்கத்தில் வெள்ளரிக்காய் போட்டதால் பழம் சப்பென்று போய்விட்டது என்பார்கள். வெள்ளரிக்காயும் தர்பூசணியும் வெள்ளரிப்பழத்தோடு கலக்கவே கலக்காது. குரோமோசோம் கணக்கே பொருந்தாது. கலக்கும் வகையிலிருந்து மகரந்தம் வந்தாலும் இந்த ஆண்டுப் பழத்தின் சதை மாறாது, ஏனென்றால் சதை தாய்க்கொடியின் உடம்பு. சப்பென்று போனதற்குக் காரணம் பழுக்கும் நேரத்தில் அதிகத் தண்ணீர் பாய்ச்சியதாகவோ, நோயில் இலை கருகியதாகவோ இருக்கும். கலப்பு உள்ளே விதையில் இருக்கிறது. அதைப் போட்டு அடுத்த ஆண்டு காய்த்தால்தான் தெரியும். யாருக்கும் உடனே தெரியாததால்தான் அது ஊர் ஊராய்ப் பரவுகிறது.

அடையாளங்கள் உண்டு. காட்டு மிதுக்கோடு கலந்திருந்தால் பிஞ்சு கசக்கும். அந்தக் கசப்பு ஓங்கு குணம், முதல் தலைமுறையிலேயே வெளியே வந்துவிடும். பிஞ்சின் நுனியைக் கிள்ளி நாக்கில் வைத்துத் துப்பிவிடுங்கள், விழுங்க வேண்டாம். கசப்புக்குக் காரணமான குக்குர்பிட்டாசின் வாந்தி, பேதி தரும். கடை முலாம்பழத்தோடு கலந்திருந்தால் வெள்ளைச் சதை வகையில் ஆரஞ்சு சாயல் வரும், தோலில் வலை ஓடும், வெடிக்கும் குணம் தளரும். இன்னொரு நுட்பமான தடயம் பூவில் இருக்கிறது. வெடிக்கும் நாட்டு வகைகள் பலவற்றில் ஆண் பூ தனி, பெண் பூ தனி. கடை முலாம்பழ வகைகள் பலவற்றில் பெண் பூவுக்குப் பதில், சூலகமும் மகரந்தப் பையும் சேர்ந்த இருபால் பூ. இந்த இருபால் குணம் ஒடுங்கு குணம் என்பதால் முதல் தலைமுறையில் மறைந்திருந்து இரண்டாவதில்தான் தலைகாட்டும். ஆகவே ஓராண்டு பார்த்துவிட்டுச் சுத்தமான விதை என்று சான்று சொல்லிவிட முடியாது.

தடுப்பதற்கு இடைவெளி ஒரு வழி. சான்று விதைக்கு 500 மீட்டர், அதைப் பெருக்க எடுக்கும் ஆதார விதைக்கு 1,000 மீட்டர் என்பது விதைச்சான்று விதிகளின் அளவு. நம் ஊர்த் துண்டு நிலங்களில் அது நடக்காது. மிதுக்கு எந்த வரப்பில் இருக்கிறது என்று யார் தேடிக்கொண்டிருப்பது? முன்பின் விதைத்துப் பூக்கும் காலத்தைப் பிரிப்பதும் அரைகுறைதான், ஏனென்றால் கொடி வாரக்கணக்கில் பூத்துக்கொண்டே இருக்கும். கையால் மகரந்தம் சேர்ப்பதே நம்பக்கூடியது. முப்பது பழத்துக்கு அது பத்து நாள் வேலை, நாளுக்கு ஒரு மணி நேரம்.

முதலில் பெண் பூ எங்கே வரும் என்று தெரிய வேண்டும். தாய்க்கொடியில் முதலில் வருவது ஆண் பூக்கள்தான். பெண் பூ பக்கக் கொடிகளின் முதல் கணுக்களில் வரும்; பூவுக்குக் கீழே ரோமம் படர்ந்த குட்டிக் காய் இருக்கும். மாலை 4 மணிக்கு மேல், மறுநாள் விரியப்போகும் மொட்டைத் தேடுங்கள். நுனி மஞ்சளாகி இதழ்கள் இன்னும் முறுக்கவிழாமல் இருக்கும். பச்சையாக இருந்தால் அது மறுநாளுக்கு இல்லை. பெண் மொட்டின் நுனியை நூலால் தளர்வாகக் கட்டுங்கள் அல்லது சின்னத் தலைமுடி கிளிப்பை மாட்டுங்கள். வேறு கொடிகளில் மூன்று நான்கு ஆண் மொட்டுகளையும் இதேபோல் கட்டிவிடுங்கள். ஆண் மொட்டைக் கட்ட மறப்பதுதான் வழக்கமான பிழை: காலையில் தேனீ அதில் இறங்கி வேறு மகரந்தத்தைத் தூவிவிட்டுப் போயிருக்கும், நாம் அதையே எடுத்துத் தடவிக்கொண்டிருப்போம்.

மறுநாள் காலை 6 மணியிலிருந்து 9 மணிக்குள் முடித்துவிட வேண்டும். வெயில் ஏறி 35 டிகிரியைத் தாண்டினால் மகரந்தம் வீரியம் இழக்கும். ஆண் பூவைப் பறித்து இதழை உரித்து, பெண் பூவின் கட்டை அவிழ்த்து, நடுவில் மகரந்தம் ஏற்கும் சூல்முடியின் மடல்கள் எல்லாவற்றிலும் மெதுவாகத் தடவுங்கள். ஒரு மடலை விட்டுவிட்டால் காய் கோணலாகும், விதையும் குறையும். ஒரு பெண் பூவுக்கு இரண்டு வெவ்வேறு கொடிகளின் ஆண் பூ என்பது நல்ல கணக்கு. இருபால் பூ வகை என்றால் முதல் நாள் மாலையே ஊசியால் மொட்டைப் பிரித்து உள்ளிருக்கும் மகரந்தப் பைகளை எடுத்துவிடுங்கள். சூல்முடியில் கீறல் விழுந்தால் காய் நிற்காது. தடவி முடிந்ததும் பூவை மறுபடி கட்டி, காம்பில் வண்ண நூலும் தேதி எழுதிய சீட்டும் கட்டி, இரண்டு நாள் அப்படியே விடுங்கள்.

பாதிக்கு மேல் உதிரும், கலங்க வேண்டாம். உதிர்வதற்குப் பெரிய காரணம் கைத்திறன் இல்லை. கொடியில் ஏற்கெனவே தேனீ பிடித்துவைத்த காய் ஒன்று பெருத்துக்கொண்டிருந்தால், பின்னால் வரும் பிஞ்சுகளுக்குக் கொடி சத்து தராது. எனவே விதைக்கு ஒதுக்கிய கொடியில், நம் பூ காய் பிடிக்கும்வரை மற்ற பிஞ்சுகளைக் கிள்ளிவிட வேண்டும். கிள்ளிய பிஞ்சு பொரியலுக்கு ஆகும். பிடித்த காய் எலுமிச்சை அளவுக்கு வந்ததும் பழ ஈ துளைக்காமல் வலைத் துணிப்பை கட்டுங்கள். அது பெருத்தபின் கொடியைத் தேனீக்கு விட்டுவிடலாம். சந்தைக்கு வேண்டிய பழம் அதில் வரும், சீட்டு கட்டிய பழம் விதைக்கு.

பழம் காம்பைவிட்டுக் கழலும்போது எடுங்கள். வெடிக்கும் வகையை வைத்துக் காக்க முடியாது, அன்றே பிளந்துவிட வேண்டும். விதையை அதைச் சுற்றியுள்ள பழச் சோற்றோடு வழித்து, தண்ணீர் ஊற்றாமல் பானையிலோ பிளாஸ்டிக் வாளியிலோ நிழலில் ஒரு நாள், மிஞ்சினால் இரண்டு நாள் புளிக்கவிட்டு அவ்வப்போது கிளறுங்கள். கோடையில் மூன்றாம் நாள் போனால் விதை கறுக்கும், சில முளைகூட விடும். அலசும்போது மிதப்பவை பொக்கு. மூழ்கியதைத் துணியில் பரப்பி நிழலிலும் இளவெயிலிலும் உலர்த்துங்கள். உச்சி வெயிலில் சிமெண்ட் தரையும் தகரமும் விதையைச் சுட்டுவிடும். விதையை மடித்தால் வளையாமல் படக்கென்று முறிந்தால் காய்ந்திருக்கிறது. சாதாரணப் பையில் வைக்க ஈரம் 7 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது, காற்றுப் புகாத புட்டிக்கு 6. சாண வறட்டியில் பதித்துச் சுவரில் ஒட்டுவது அடுத்த பட்டம்வரை காக்கும். பல ஆண்டுக்கு அது உதவாது, மழைக்காலத்தில் சாணம் ஈரத்தை இழுக்கும். வறுத்து ஆறவைத்த அரிசியைத் துணியில் முடிந்து புட்டியின் அடியில் போட்டு, மேலே விதை வைத்து இறுக மூடிக் குளிர்பெட்டியில் வைத்தால் ஐந்து ஆண்டுக்குக் குறையாமல் முளைக்கும். வெளியே எடுத்தவுடன் திறக்காதீர்கள். புட்டி அறைச் சூட்டுக்கு வரும்வரை பொறுக்காவிட்டால் விதைமேல் நீர் கோத்துக்கொள்ளும்.

இப்படி எடுத்த விதைப் பொட்டலத்தின் மேல் ஐந்து வரி எழுதுவது பெரிய பாடில்லை: ஊரில் அதற்கு வழங்கும் பெயர், ஊரும் வட்டமும், எடுத்த ஆண்டு, எத்தனை கொடி, கைமகரந்தமா, தேனீயே சேர்த்த திறந்த மகரந்தமா. திறந்த மகரந்தம் என்றால் பக்கத்தில் என்ன பயிர் இருந்தது என்பதையும் சேர்க்கலாம். திறந்த மகரந்த விதை கெட்ட விதை என்று நாங்கள் சொல்லவில்லை. காட்டு மிதுக்கின் எதிர்ப்புக் குணம் உழவர் கொடிகளுக்குள் வந்து சேர்வதும் தேனீ வழியாகத்தான். சொல்லாமல் கொடுப்பதுதான் தவறு. விதைத் திருவிழா நடத்துவோர் இந்த ஐந்து வரி இல்லாத வெள்ளரிப் பொட்டலத்தை மேசையில் வைக்க மாட்டோம் என்று முடிவெடுத்தால் பாதி வேலை முடிந்தது.

சட்டத்துக்குப் பயந்து விதையை வெளியே எடுக்காதவர்களும் இருக்கிறார்கள். 2001 ஆம் ஆண்டின் பயிர் வகைகள் பாதுகாப்பு மற்றும் உழவர் உரிமைச் சட்டத்தின் 39 ஆம் பிரிவு, உழவர் தம் விளைச்சலின் விதையைச் சேமிக்கவும், விதைக்கவும், மாற்றிக்கொள்ளவும், விற்கவும் உரிமை தருகிறது. வணிகப் பெயரிட்ட விதையாக விற்பதுதான் கூடாது. ஒரு பங்கை தேசியத் தாவர மரபு வள மையத்துக்கும் கொடுத்துவைக்கலாம். அதன் வட்டார நிலையம் திருச்சூரில் இருக்கிறது. தில்லியில் உள்ள அதன் மைனஸ் 18 டிகிரி விதை வங்கியில் போய் உறைந்த விதை புதிய நோய்களைச் சந்திக்காது என்பதும் உண்மை. வயலும் வேண்டும், வங்கியும் வேண்டும்.

வெள்ளரிப்பழத்தைப் பற்றிய உங்கள் அடுத்த செய்தியில் அதை வெள்ளரிக்காயிலிருந்து பிரித்து எழுதுங்கள். முடிந்தால் வேளாண் பக்கத்தில் கைமகரந்தம் சேர்க்கும் முறையைப் படத்தோடு போடுங்கள். தையில் விதைத்த கொடிகள் இப்போது பக்கக் கொடி விட்டு முதல் பெண் பூக்களைக் காட்டும் நேரம். மாசி கழிந்தால் அந்தப் பூக்கள் போய்விடும். பங்குனியில் செய்தால் வெயிலில் இன்னும் அதிகமாக உதிரும்.

இப்படிக்கு,
நாட்டு வெள்ளரிப்பழ விதை எடுப்போர் சிலர்,
கடலூர் மாவட்டம்.